இரண்டாவது தாள்

ஜனவரி 9

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. வலது கண்ணில் புரை விழுந்ததைத் தவிர நான் சுகம்.

முதலில் பிள்ளைகள் சேதி. பேத்தி பல் டாக்டர் படிப்பில் மூன்றாம் வருடம் முடித்துவிட்டாள். வகுப்பில் இரண்டாவது. முதலில் வந்தவளுக்கு அப்பா, அம்மா, தாய்மாமன் எல்லோரும் பல் டாக்டராம், அதனால் அதை நான் சேர்த்துக்கொள்வதில்லை. சின்னப் பேரன் நீச்சலில் வெள்ளி வாங்கினான். தங்கம் வாங்கினவனை நேரில் பார்த்தேன், நின்றால் கை முழங்காலைத் தொடுகிறது, அப்படிப் பிறந்தவனோடு யார் நீந்துவது. மகனுக்கு ஆபீசில் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். கதவில் பேர் போட்டிருக்கிறதாம், திருகாணி வைத்து, ஒட்டுத்தாளில் இல்லை.

பெரிய பேரன், நம் பெரியவன் சேதியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கட்சித் தலைமை அலுவலகத்தில் பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டிருந்தவனை, கோட்டுக்காரரே கூப்பிட்டுத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத அந்தப் பழைய மந்திரிதான், உனக்குத் தெரியாததா. அவர் பேசுகிற பேச்சில் பாதி நம் பெரியவன் எழுதுவது. டிவியில் அவர் வாய் அசையும்போது, "இது நம்ம புள்ள வார்த்தை" என்று மருமகளிடம் சொல்கிறேன். அவள் "சத்தத்தைக் குறைங்க அத்தை" என்கிறாள். பொறாமைக்கு மருந்து கிடையாது.

மாப்பிள்ளை, உன் வீட்டுக்காரர், போனதற்கு என்னால் வர முடியவில்லை. அன்றைக்குப் பார்த்து பெரியவனுக்கு டிவியில் முதல் பேட்டி. வீட்டில் ஒருத்தராவது உட்கார்ந்து பார்க்க வேண்டாமா? அவர் போனவர், இனி எங்கேயும் போக மாட்டார். பேட்டி போனால் போனதுதான். நீ புரிந்துகொள்வாய்.

கட்சித் தலைவர் பதவிக்கு உன் மகள் நிற்கிறாளாமே. பெரியவன் சொல்லித்தான் தெரியும். நீ சொல்லவில்லை. அவள் கெட்டிக்காரிதான், வக்கீல்தான், கோர்ட்டில் கத்துவாள். ஆனால் கட்டின புருஷனோடு மூன்று வருடம் ஒத்துப்போகத் தெரியாதவள், கோட்டுக்காரர் மாதிரி மனுஷரை எதிர்த்து நின்று இத்தனை ஆயிரம் பேரை ஒத்துப்போகச் செய்வாளா? பெத்தவள் நீ எடுத்துச் சொல்ல வேண்டாமா? நான் சொன்னால் தப்பாகிவிடும். நான் அஞ்சாவதோடு நின்றவள். உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அம்மா நிறுத்தினதால் நின்றவள். அதை எல்லாம் நான் சொல்லிக் காட்டுவதில்லை.

கண்ணுக்காக, உன் கடிதங்களைப் பெரியவன் ஞாயிற்றுக்கிழமை வந்து படித்துக்காட்டுவான். அதனால் தெளிவாக எழுது.

உன் அக்கா


ஜனவரி 21

அக்காவுக்கு,

பிள்ளைகள் சேதி படித்தேன். நல்லது.

அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது பஸ் டிப்போவில் அவரோடு வேலை பார்த்த மெக்கானிக்குகள் நாற்பது பேர் வந்தார்கள். கை கழுவாமல் அப்படியே வந்தார்கள். கட்சிக் கிளை அலுவலகத்துப் படியில் நின்று ஒவ்வொருத்தரும் என்னைக் கேட்டது, "அக்கா வரலையா?" உனக்குக் கால் வலி என்று சொன்னேன். இனி யாராவது கேட்டால் நீயும் கால் வலி என்றே சொல்.

மகள் நிற்பதை நான் சொல்லாததற்குக் காரணம், அவள் என்னிடமே சொல்லவில்லை. பத்திரிகையில் பார்த்துவிட்டுப் போன் செய்தேன். "அம்மா, நீ வேண்டாம்னு சொல்வே, அதான்" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

இங்கே கிளை இரண்டாகக் கிடக்கிறது. சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிற அதே ஹால்தான், நீ தரை பெருக்கின ஹால். நடுவில் வழி விட்டு நாற்காலிகளை இரண்டு பக்கமாகப் போட்டிருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. டீ கெட்டில் இரண்டு. குழாய் வேலை பார்ப்பவரும் ஓய்வு பெற்ற நர்சம்மாவும் இருபது வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். போன வாரம் குழாய்க்காரர் கோட்டுக்காரரைப் பற்றிப் பேச எழுந்ததும், நர்சம்மா தன் காதுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். அவர் பேசி முடித்து உட்கார்ந்ததும் திரும்ப மாட்டிக்கொண்டார். முக்கால்வாசிப் பேர் என் மகள் பக்கம். மீதிப் பேர் என்னிடம் வணக்கம்கூடச் சொல்வதில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் பேர் வாசித்தார்கள். நம் கிளை வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருடம் செத்தவரைப் பட்டியலிலிருந்து அடிப்பதில்லை. பேர் வாசிக்கும்போது வீட்டு ஆள் எழுந்து "இருக்கார்" என்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு நீ எழுந்து சொன்னாய். இந்தத் தடவை அவருக்கு நான் சொன்னேன். அந்த நேரம் மட்டும் இரண்டு பக்கமும் எழுந்து நின்றது.

கோட்டுக்காரரைப் பற்றி ஒன்று. நீ முப்பது வருடம் துணி வெளுத்த ஆஸ்பத்திரி லாண்டரியைக் காண்டிராக்டுக்கு விட்டுக் கையெழுத்துப் போட்டது அந்தக் கோட்டுக் கைதான். அன்று வாசலில் உட்கார்ந்த நூற்றிப் பத்துப் பெண்களுக்காகக் கோர்ட்டில் நின்று வேலையைத் திருப்பி வாங்கிக் கொடுத்தது என் மகள். முன்வரிசையில் நீதான் உட்கார்ந்திருந்தாய். இதைப் பெரியவன் படித்துக்காட்டும்போது கொஞ்சம் நிறுத்திப் படிக்கச் சொல்.

தங்கை


பிப்ரவரி 3

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இரண்டு ஞாயிறாகப் பெரியவன் வரவில்லை. வேலை அப்படி. பேத்தி படித்துக்காட்டினாள், அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிப்பாள், பல்லைப் பார்க்கிற மாதிரி.

லாண்டரி விஷயத்துக்கு உன் மகளுக்கு நன்றி அன்றைக்கே சொல்லியாகிவிட்டது. ஒருத்தி எத்தனை தடவை நன்றி சொல்வது? அவள் வந்து நின்றது எனக்காகவா, பத்திரிகையில் படம் வருவதற்காகவா என்று அன்று வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களே பேசிக்கொண்டார்கள். நான் உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். கோட்டுக்காரர் அதற்குப் பிறகு மாறிவிட்டார் என்று பெரியவன் சொல்கிறான். அவன் பக்கத்தில் இருக்கிறவன், அவனுக்குத் தெரியும்.

அவர் ஜெயித்தால் பெரியவனுக்கு ஒரு தொகுதி உண்டு. வாயால் சொல்லியிருக்கிறார். நம் அப்பா சுவரில் போஸ்டர் ஒட்டினார், நான் ஹால் பெருக்கினேன், மாப்பிள்ளை காலம் முழுக்கக் கிளைச் செயலாளராகவே இருந்து போய்விட்டார். நம் குடும்பத்தில் ஒருத்தன் போஸ்டரில் இருக்க வேண்டாமா? உன் மகள் இருக்கிறாளே என்று சொல்வாய். அவள் உன் குடும்பம்.

தலைவர் தேர்தல் ஓட்டுச் சீட்டு தபாலில் எங்களுக்கு வந்துவிட்டது. உங்களுக்கு வந்ததா? உங்கள் பட்டியலில் மாப்பிள்ளை பேரும் இருக்குமே, அவருக்கும் வந்திருக்குமோ என்று யோசித்தேன். அப்படி வந்தால் என்ன செய்வாய், பாவம். அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து யாரிடம் பேசுவாய். மனதில் இருப்பதை எல்லாம் எனக்கு எழுது. அக்காவிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வாய்.

அக்கா


பிப்ரவரி 12

அக்கா,

எழுத்து பெரிதாக இருப்பதைப் பார்த்து எனக்கும் கண் போய்விட்டது என்று நினைக்காதே. நீயே படிக்க வேண்டும் என்று பெரிதாக எழுதுகிறேன். வரிக்கு நாலு வார்த்தை. இடது கண்ணை மட்டும் வைத்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படி. பேத்தியிடம் கொடுக்காதே. பெரியவனிடம் கண்டிப்பாகக் கொடுக்காதே.

நீ கேட்டது சரி. அவருக்கும் சீட்டு வந்தது. இரண்டு உறை ஒன்றாக வந்தன, அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் அவர் உட்காரும் பக்கம் அதை வைத்திருந்தேன். கிளையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் கைப்பையில் எடுத்து வைத்தேன். படியில் இறங்கும்போது, ஹாலில் நான் "இருக்கார்" என்று எழுந்து சொன்னது ஞாபகம் வந்தது. இருக்கிறவருக்கு ஓட்டு உண்டுதானே.

திரும்பி வந்தேன். உறுதிமொழித் தாளில் அவர் கையெழுத்தைப் போட்டேன். அவர் கையெழுத்து எனக்குப் புதிதில்லை, கையில் கிரீஸ் இருக்கும்போதெல்லாம் கிளைக் கடிதங்களில் நான்தான் போடுவேன். பெற்ற மகள் நிற்கிற தேர்தலில் அப்பா ஓட்டு வீணாகப் போகக் கூடாது இல்லையா. போட்டு, ஒட்டி, நானே கொண்டு போய்த் தபாலில் சேர்த்தேன்.

*(இரண்டாவது தாள்)*

ஓட்டு யாருக்கு என்று சொல்கிறேன். சிரிக்காதே. கோட்டுக்காரருக்கு.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவர் சொன்னது. மகள் நிற்கப் போகிறாள் என்ற பேச்சு அவருக்கு எப்படியோ எட்டிவிட்டது. மூக்கில் குழாயோடு சொன்னார்: "அவ ஜெயிச்சா இந்தக் கட்சி அவளைத் தின்னுடும். ஒரு எலும்பு மிச்சம் வைக்காது. கோட்டுக்காரனுக்குத் தோல் தடிமன், அவன் தாங்குவான். எனக்கு ஓட்டு இருந்தா அவனுக்குத்தான். அவகிட்ட சொல்லிடாதே." இருபத்தாறு வருடம் செயலாளராக இருந்தவர், கட்சியைத் தெரிந்துதான் சொன்னார்.

அதனால் அவர் சீட்டில் கோட்டுக்காரர் பேருக்கு நேரே குறி போட்டேன். என் சீட்டில் மகளுக்குப் போட்டேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு ஓட்டு ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு போனது. நாங்கள் முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் செய்ததும் அப்படித்தான்.

மகளுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் தாங்க மாட்டாள். உனக்கு மட்டும் சொல்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.

தங்கை


மார்ச் 1

அக்கா,

இன்று காலைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் என் கையெழுத்து. முப்பது வருடம் பள்ளிக்கூட ஆபீசில் மாற்றுச் சான்றிதழ் எழுதின எழுத்து, ஊரில் பாதிப் பேர் வீட்டில் இருக்கிறது. யாரும் சந்தேகப்படவில்லை. அதுவும் பெரிய எழுத்து, வசதியாகப் போயிற்று. "செத்த அப்பாவின் ஓட்டை மகளுக்குப் போட்ட அம்மா" என்று மேலே போட்டிருக்கிறார்கள்.

முதல் தாள் மட்டும்தான் வந்திருக்கிறது.

எப்படி அங்கே போனது என்று இப்போது கேட்கவில்லை. கட்சி விசாரணைக் குழு வெள்ளிக்கிழமை உட்காருகிறது. முழுக் கடிதத்தைக் கேட்கிறார்கள். நான் வாயால் சொல்வதை எழுதிக்கொள்ளக்கூட மாட்டேன் என்கிறார் குழுத் தலைவர். "கோட்டுக்காரருக்குப் போட்டேன்னு இப்ப சொல்றீங்க, யாரம்மா நம்புவாங்க?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

இரண்டாவது தாளை உடனே விரைவுத் தபாலில் போடு. செய்தது நான், தண்டனை எனக்கு வரட்டும். அவளுக்குத் தெரியாது என்று அதில்தான் இருக்கிறது.

வியாழக்கிழமைக்குள் வர வேண்டும்.

தங்கை


மார்ச் 10

அன்புத் தங்கச்சிக்கு,

உன் விரைவுத் தபால் மூன்றாம் தேதியே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார முடியவில்லை. வீட்டில் ஜன்னல் திரை மாற்றினோம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிறகு என் மேல் பழி வேண்டாம்.

உன் கடிதத்தை நானே படித்தேன். நீ சொன்ன மாதிரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஒரு மதியம் முழுக்க. ஒரு வார்த்தை விடவில்லை. கிழிக்கத்தான் இருந்தேன். அடுத்த ஞாயிறு பெரியவன் வந்தான். அஞ்சு வாரத்துக்குப் பிறகு வந்தான். வாசலில் கார் நிற்கிறது, வண்டியை அணைக்கவில்லை. செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டே, "நல்லா இருக்கியா பாட்டி, கெளம்பறேன்" என்றான். டீ போடச் சொன்னேன், வேண்டாம் என்றான். அவனுக்கென்று எடுத்து வைத்த சட்டைத் துணியைக் காட்டினேன், பார்த்துவிட்டுக் கடிகாரத்தையும் பார்த்தான். கதவுப் பக்கம் போய்விட்டான்.

"சின்னப் பாட்டி ஒரு கடிதாசு போட்டிருக்கா" என்றேன்.

"என்ன எழுதியிருக்காங்க?"

"உக்காந்தா சொல்றேன்" என்றேன்.

உட்கார்ந்தான். போன் செய்து காரை அணைக்கச் சொன்னான். ஒன்றரை மணி நேரம் இருந்தான் தங்கச்சி. இரண்டு டீ குடித்தான். என் பக்கத்தில், சோபாவில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. மருமகள் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டு தாளையும் படித்தான். முதல் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டான். இரண்டாவதை அழகாக நாலாக மடித்து என் கையில் கொடுத்து, "இதை நீ வச்சுக்க பாட்டி, இது குடும்ப விஷயம்" என்றான். எவ்வளவு பொறுப்பு பார்.

பத்திரிகையில் வரும் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். அதனால் அதைச் சொல்லவில்லை.

உன் விரைவுத் தபால் வந்த அன்றே அவனுக்குப் போன் செய்து, அனுப்பட்டுமா என்று கேட்டேன். "அதை அனுப்பினா நான் பாதியை மறைச்சவன்னு ஆயிடும் பாட்டி. என் வேலை போயிடும்" என்றான். நீயே சொல். நீ பிள்ளையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்தால் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவள் நான். அதற்காகவே படிப்பை விட்டவள். ஒரு பக்கம் உன் மகள், ஒரு பக்கம் என் பேரன் என்று வந்தால், இந்தத் தடவையும் நானே விட்டுக்கொடுக்க வேண்டுமா?

செத்தவர் பேரில் கையெழுத்துப் போட்டது நீ. நான் போடச் சொல்லவில்லை.

தாள் பத்திரமாக இருக்கிறது. அலமாரியில் வெளுத்த விரிப்புகளுக்கு அடியில்.

அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

செத்தவர் பேர் பட்டியலில் இருந்ததால் எங்கள் கிளையின் முந்நூற்றுப் பதினெட்டு ஓட்டையும் விசாரணைக் குழு தள்ளுபடி செய்தது. கோட்டுக்காரர் ஜெயித்தது நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில். மீதிக் கணக்கை நீ பேத்தியிடம் கேட்டுக்கொள்.

ஹாலைப் பூட்டிவிட்டார்கள். பூட்டுகிற அன்று நர்சம்மா என் முகத்துக்கு நேரே காதுக் கருவியைக் கழற்றினார். குழாய்க்காரர், கோட்டுக்காரர் பக்கம் நின்றவர், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எதற்கு அழுதார் என்று தெரியவில்லை. அவர் ஓட்டும் அதில் போனது.

என்னைக் கட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது சரி. மகளை எடுக்கவில்லை, அதைவிட மோசமாகச் செய்தார்கள். அவள் நியாயமானவள்தான் என்று கோட்டுக்காரர் மேடையில் சொன்னார். "அம்மா செஞ்சதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்." கூட்டம் சிரித்தது. அந்த வார்த்தையும் உன் பேரன் எழுதினதுதானா? நீதான் கண்டுபிடிப்பாயே.

கூட்டம் முடிந்து அவள் இங்கே வந்தாள். அப்பா என்ன சொன்னார், ஓட்டு யாருக்குப் போனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்ததும் எழுந்து, "அப்பா எனக்கு எதிரா ஓட்டுப் போடச் சொல்லியிருக்க மாட்டார். உன்னைக் காப்பாத்திக்கச் செத்தவரை இழுக்காதே" என்றாள். வீட்டுச் சாவியை மேசையில் வைத்தாள், அவர் உட்காரும் பக்கம். ஆறு வாரம் ஆகிறது. போனை எடுப்பதில்லை.

புதுத் தலைவரின் முதல் சுற்றறிக்கை, செத்தவர் பேரை அன்றே அடித்துவிட வேண்டும் என்பது. எங்கள் பழைய பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது, வந்து வாங்கிப்போக யாருக்கும் ஞாபகம் இல்லை. போன ஞாயிறு மதியம் அதை எடுத்து வைத்து நானே பேர் வாசித்தேன். அவர் பேர் வந்தது. "இருக்கார்" என்று எழுந்து சொன்னேன். இன்னும் கீழே, அடிக்காமல் விட்டுப்போன பழைய பக்கத்தில், உன் பேர் இருந்தது. வாசித்தேன். கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

கட்சிக்கு இனி அந்தத் தாள் வேண்டாம். அவளுக்குக் காட்ட வேண்டும். அது பத்திரிகையில் வந்த தாளின் தொடர்ச்சி, அவள் தோற்பதற்கு முன்னால் எழுதினது. அதைப் பார்த்தால் நம்புவாள். அனுப்பு. உன்னிடம் நான் கேட்கிற கடைசிப் பொருள் அது. அதற்குப் பிறகு நீ எனக்கு எழுத வேண்டாம், நானும் எழுத மாட்டேன்.

தங்கை


ஜூன் 6

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

பேத்தி முதன்முதலாக ஒரு ஆளுக்குப் பல் பிடுங்கினாள், அந்த ஆள் கத்தவே இல்லையாம். சின்னவனுக்கு இந்தத் தடவை தங்கம். நீளக் கைக்காரனுக்குத் தோள் பிசகிவிட்டது. மகனுக்கு அறையில் இன்னொரு ஜன்னல் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பெரியவனுக்குத் தொகுதி கிடைத்துவிட்டது. எந்தத் தொகுதி என்று நீயே பத்திரிகையில் பார்த்திருப்பாய். உங்கள் ஊர்த் தொகுதியில் உன் மகள் இனி நிற்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாமே, காலி இடத்தில்தானே உட்கார முடியும். போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். முகம் பெரிதாக, நம் அப்பா முகவெட்டு. எங்களுக்குத் தொகுதி வேறு என்றாலும் எங்கள் தெருமுனையிலும் ஒன்று இருக்கிறது, தினம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஆளைப் பார்த்து எட்டு வாரம் ஆகிறது. போஸ்டரைப் பார்த்தால் போதும்தானே என்று மருமகள் கேட்கிறாள்.

பேர் வாசித்ததை நீ எழுதியிருந்தாய். அந்த இடத்தைப் பேத்தி படித்துவிட்டு நிறுத்தினாள். மேலே படி என்றேன். நீ ஒரு ஆள் மட்டும் இருக்கிற வீட்டில் எழுந்திருக்க யார் இருப்பார்கள், நீயேதான் எழுந்திருக்க வேண்டும். அதை நீ செய்யவில்லை. சரி.

இப்போது விஷயம். பெரியவன் நேற்றுப் போன் செய்தான். அவனே செய்தான். உன் ஊரில் பழைய ஆட்கள் இன்னும் முகம் கொடுக்கவில்லையாம். துண்டுப் பிரசுரத்தில் குடும்பப் படம் ஒன்று போட்டால் நல்லது என்று நினைக்கிறான். அத்தையும் சின்னப் பாட்டியும், உன் மகளும் நீயும்தான், பக்கத்தில் பக்கத்தில் நின்று சிரிக்கிற மாதிரி. சண்டை எல்லாம் முடிந்துவிட்டது, எல்லோரும் ஒரே குடும்பம் என்று கீழே போடுவார்கள். வாசகம் அவனே எழுதிவிட்டான், நன்றாக இருக்கிறது.

படம் வந்தால் தானே நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். "இருந்து சாப்பிட்டுட்டுப் போறேன் பாட்டி" என்றான். நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

உன் தாள் அதே இடத்தில்தான் இருக்கிறது. மடிப்பில் கொஞ்சம் மஞ்சள் விழுந்திருக்கிறது, எழுத்து அழியவில்லை. அதை நான் ஒரு நாளும் கிழிக்க மாட்டேன். படம் இந்தக் கையில் வந்ததும் அந்தக் கையால் தாளைத் தபாலில் போட்டுவிடுவேன். என் பிள்ளைகள் மேல் ஆணை.

அவள் உன்னிடம் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். கூப்பிட்டுப் பார். ஒரு படத்துக்கு நிற்க எவ்வளவு நேரம் ஆகும்.

பழைய படம் வேண்டாம், மாப்பிள்ளை இருக்கிற படமும் வேண்டாம், பார்க்கிறவர்களுக்கு ஓட்டு விஷயம் ஞாபகம் வரும். புதிதாக எடுத்தது வேண்டும். நீயும் அவளும் மட்டும். பல் தெரியச் சிரித்து. மடித்துவிடாதே, உறைக்குள் அட்டை வைத்து, இந்த வாரத்துக்குள் தபாலில் போட்டுவிடு.

அக்கா